ஆமையும் அமீனாவும்

திருகோணமலை போய்த் திரும்பிய பிறகு நண்பர்கள் கேட்டார்கள், என்ன பார்த்தாய் என்று. கோணேஸ்வரம் பார்த்தேன், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பார்த்தேன், புறாத்தீவுக்குப் படகில் போய்த் தண்ணீருக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு கடலாமையைப் பார்த்தேன் என்று சொன்னேன். இலக்கிய நண்பர்கள் இதைக் கவித்துவமாக எடுத்துக்கொண்டார்கள். மொரப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: காசு கொடுத்து, கடல் தாண்டி, ஆமையைப் பார்க்கவா போனாய்?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லும் ஊரில் இது நியாயமான கேள்விதான். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. நண்பர்களிடம் சொன்னதிலும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். விட்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு நான் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குள் இரண்டுமே புகுந்திருக்கின்றன. 1970களின் நடுவில், மழை பொய்த்த ஓர் ஆண்டு. எனக்குப் பத்து வயது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பாலாமை வாசலைத் தாண்டித் திண்ணை ஓரமாக நடந்து வந்து, நெல் குதிருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பாட்டி அலறினாள். அப்பா அதை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்துப் பழைய கிணற்றில் விட்டார். அதில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. ஆமை இருந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று அவர் கட்சி. பாட்டி ஒரு வாரம் அந்தக் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அமீனா வந்தார். புதுக் கிணறு வெட்ட அப்பா வாங்கிய கடன். கிணறு வெட்டியாயிற்று, நாற்பது அடிக்குக் கீழே பாறை, தண்ணீர் இல்லை. கடன்காரர் கோர்ட்டுக்குப் போனார், தீர்ப்பு வந்தது, ஜப்திக்கு ஆள் வந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வந்த அமீனா வியர்வையில் நனைந்திருந்த, கொஞ்சம் வெட்கப்பட்ட, சாதாரண மனிதர். அவர் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார். பார்த்து எழுதினார். பித்தளை அண்டா ஒன்று. மர பீரோ ஒன்று. கடிகாரம், ஓடாதது, ஒன்று. அம்மா சமையல் உள்ளுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவர் அங்கும் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் சமையலுக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, பெண்கள் கழற்றக்கூடாத தாலி போன்றவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. அமீனா சட்டத்தை மதித்தார். எடுக்கக்கூடாதவற்றை அவர் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கக்கூடாதது எது என்று தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டியிருந்தது. எடுக்கக்கூடாதவற்றுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பார்க்கக்கூடாதவற்றுக்குப் பட்டியல் இல்லை. அண்டா போனதைப் பற்றி அம்மா பிறகு ஒரு நாளும் பேசவில்லை. அந்த ஆள் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழமொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லாமை, இல்லாமை, பொறாமை என்று ஆமைகளை அடுக்கி இதற்கு விளக்கம் சொல்லும் மேடைப் பேச்சாளர்களை விட்டுவிடலாம். அவர்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை ஆமைக்கு வீட்டுக்குள் வர வேலை இல்லை. வற்றினால் அது சேற்றுக்குள் புதைகிறது, அல்லது தண்ணீர் தேடி நடக்கிறது. அதே வருஷத்தில்தான் விளைச்சல் போகிறது, கடன் ஏறுகிறது, அமீனா வருகிறார். எங்கள் மாவட்டம் போன்ற வறண்ட பூமியில் இரண்டும் ஒரே வெயிலுக்குப் பிறந்தவை. ஆமையைக் காரணம் என்று நினைத்தோம். அதுவும் எங்களைப் போல வீடு இழந்து வந்தது. ஆனால் பழமொழி செய்பவனுக்குக் கண் முன்னால் நடந்து வருவதுதான் தெரியும்.

2023 ஆகஸ்டில் திருகோணமலை போனேன். பிரமிள் பிறந்த ஊர் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சாக்கு. ஊரில் அவருடைய சுவடு தேடி ஒரு காலைப்பொழுது அலைந்தேன். அலைந்தது என் திருப்திக்கு. மறுநாள் விருந்து கொடுத்த நண்பர், வந்ததுதான் வந்தாய், நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவு பார்த்துவிட்டு வா என்றார். கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் மாதம் அது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் போல. 2003 முதல் தேசியப் பூங்கா. வனவிலங்குத் திணைக்களத்துச் சீட்டு வாங்கிப் படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தீவு. மலைப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் புறாக்களைச் சுட்டுப் பழகினார்கள் என்கிறார்கள்.

அந்தக் கடலுக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பதற்கு ஒரு மரபு உண்டு. 1956ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்கு அடியில் முக்குளித்தபோது, போர்ச்சுகீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். வில்சன் பிறகு சாமியாராகவே போய்விட்டார். பார்த்தது ஆளை மாற்றிவிடும் என்பதற்கு அது ஓர் உதாரணம். எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை.

படகுக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "ஐயா இந்தியாவில எவடம்?" என்று கேட்டார். மொரப்பூர் என்றேன். "அது கடற்கரையோ?" கடலே இல்லாத ஊர் என்றேன். "அப்ப லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதேங்கோ" என்று சிரித்தார். நான் நீச்சல் கற்றது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, தோட்டத்துக் கிணற்றில். அதைச் சொன்னேன். பேச்சு இலகுவாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த இலகுவில் கேட்டேன்: "சண்டைக் காலத்தில் இங்கேதான் இருந்தீர்களா, தம்பி?"

"இருந்தனான்" என்றார். இஞ்சின் பக்கம் குனிந்துகொண்டார். தீவு வரும்வரை வேறு பேச்சில்லை.

1987 முதல் 1990 வரை இந்திய ராணுவம் இருந்த ஊர் அது. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்த கரை அது. 2009 மே வரை நடந்த யுத்தத்தின் பெரும்பகுதிக்கு, எப்போது கடலில் இறங்கலாம் என்பதை மீனவர் தீர்மானிக்க முடியாதிருந்த கடல் அது. இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொன்ன ஒருவன், சீட்டு வாங்கிய கையோடு, கரையிலிருந்து தீவுக்குப் போகிற பத்து நிமிஷத்துக்குள் அந்தக் கேள்வியைக் கேட்கிறான். படகில் ஏறும்போது "ஆமை இருக்குமா?" என்று எந்தக் குரலில் கேட்டேனோ அதே குரல். எனக்கு அது கரிசனம் என்றுதான் தோன்றிற்று. அமீனாவும் "இதெல்லாம் சமையலுக்கா?" என்று கரிசனத்தோடுதான் கேட்டிருப்பார்.

ஐந்து அவயவங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமையைக் குறளும் கீதையும் புலனடக்கத்துக்கு உவமை சொல்கின்றன. இரண்டிலும் அடக்குகிறவனுடைய மகிமைதான் பேசப்படுகிறது. எதைக் கண்டு ஆமை அடக்கிக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எதிரில் யாரோ வந்து நிற்கிறார்கள், அதனால் அடக்கிக்கொள்கிறது. படகுக்காரர் உள்ளே போனது என்னைக் கண்டு.

தீவின் பின்பக்கத்தில் இறக்கிவிட்டார். கண்ணாடியில் எச்சிலைத் துப்பித் தேய்க்கச் சொன்னார். இல்லாவிட்டால் ஆவி படிந்து மங்கும். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தேன். முதல் சில நிமிஷங்கள் நான் கேட்டது என் மூச்சை மட்டும்தான். பிறகு பவளப்பாறை, பாதி உயிரோடும் பாதி சாம்பல் நிறத்திலும். முனை கறுத்த துடுப்போடு குட்டிச் சுறாக்கள் இரண்டு. நீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கும் தூரத்தில் முக்கால் தூரத்திலும் தெரியும். ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வளைவதால். அருகில் இருக்கிறோம் என்ற பிரமை அங்கே பௌதிகத்திலேயே இருக்கிறது.

யாரோ ஒரு பெண் கையை உயர்த்தினாள். ஏழெட்டுப் பேர் அந்தத் திசையில் அடித்துக்கொண்டு போனோம். கீழே ஓர் அழுங்காமை. பருந்தின் அலகு போல வளைந்த வாயைப் பாறை இடுக்கில் விட்டுக் கடற்பஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதன் உணவில் விஷப் பஞ்சுகளும் உண்டு. அதனால் இதன் இறைச்சி சில சமயம் விஷமாகி, தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். ஓட்டின் அழகுக்காக மனிதன் அதை நூற்றாண்டுகளாகக் கொன்று சீப்புச் செய்திருக்கிறான். இதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. அது மேலே வந்தது. மூச்செடுக்க வந்தது. ஓய்வில் கிடந்தால் மணிக்கணக்கில் நீருக்குள் இருக்கக்கூடிய பிராணிதான். ஆனால் பதறினால் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே நாங்கள் கூரை மாதிரி மிதந்துகொண்டிருந்தோம். அது ஒரு பக்கம் திரும்பிற்று, அங்கே ஒருவர் தண்ணீர் புகாத உறையில் போட்ட போனை நீட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் திரும்பிற்று. அங்கே நான் இருந்தேன்.

நான் தொட்டேன். இதைத்தான் நண்பர்களிடம் சொல்லவில்லை. யாரும் தள்ளவில்லை, அலை அடிக்கவில்லை. கை தானாகப் போயிற்று என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை, நான் நீட்டினேன். ஓட்டின் பின் விளிம்பில் இரண்டு விரல். கிணற்றுப் படியின் பாசி போல வழுக்கிற்று. அது துடுப்பை ஒரு தரம் இழுத்தது, அவ்வளவுதான், கீழே நீலத்தில் போய்விட்டது. மூச்செடுக்காமல் போயிற்று.

கிணற்றாமைக்கும் குளத்தாமைக்கும் உள்ள வசதி கடலாமைக்கு இல்லை என்று பிறகு படித்தேன். அதனால் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. குறளின் ஆமை அது இல்லை. கதவு இல்லாத வீட்டில் இருக்கிறது. பார்க்கப்படாமல் இருக்க அதற்கு ஒரே வழி போய்விடுவது. ஆனால் காற்றுக்காகத் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

ஸிமோன் வெய்ல் பார்ப்பதையும் தின்பதையும் எதிரெதிராக வைத்து யோசித்தவர். ஒரு பறவை கனியைத் தின்ன, இன்னொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உபநிஷத்துப் படிமம் அவருக்குப் பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை. அழகானதைத் தின்னாமல் பார்க்க மட்டும் செய்வதில் ஒரு விடுதலை இருப்பதாக நானும் நெடுநாள் நம்பினேன். நம்மில் பலருடைய அழகியலே அந்த நம்பிக்கையில் நிற்கிறது. தூத்துக்குடியில் பேராமையின் ரத்தத்தை உடம்புக்கு நல்லது என்று குடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களை விட நான் மேல் என்று எண்ணுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. புறாத்தீவுக்குப் பிறகு சிரமமாக இருக்கிறது. ரத்தம் குடித்தவனுக்குத் தான் ஓர் உயிரை எடுத்தோம் என்று தெரியும். நான் எதையும் எடுக்கவில்லை என்ற நினைப்போடு படகில் ஏறியிருப்பேன்.

இதற்குப் பதில் உண்டு, அது பலவீனமான பதிலும் இல்லை. பார்க்க வருகிறவன் கொடுக்கும் காசினால்தான் ஆமை பிழைக்கிறது என்பது அது. இலங்கையின் தென்கரையில் ரெக்காவ என்ற இடத்தில், 1990களில், ஆமை முட்டை பறித்து விற்றவர்களையே கூலி கொடுத்து முட்டைக்குக் காவல் வைத்தார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் இருக்கின்றன; இருந்தும் 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும் பிராணி அது. அந்த வலைகளுக்கு முன் என் இரண்டு விரல் எந்த மூலைக்கு என்று கேட்டால், எந்த மூலைக்கும் இல்லைதான். என் குற்ற உணர்வினால் ஆமைக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் கணக்கு வேறு, கேள்வி வேறு. பார்ப்பதற்குக் காசு கொடுத்தவுடன், காட்டப்பட வேண்டும் என்ற உரிமை எனக்குள் முளைத்துவிட்டது. காணாவிட்டால் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்திருப்பேன். யார் ஏமாற்றியது? ஆமையா?

சார்த்தரின் சாவித் துவாரக்காரன் ஞாபகம் வருகிறான். துவாரத்தில் கண்ணை வைத்திருக்கும்வரை அவன் வெறும் பார்வை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டவுடன் வெட்கம் அவனை ஓர் ஆளாக்குகிறது. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. கதவுக்கு உள்ளே இருக்கிறவரை சார்த்தர் மறந்துவிடுகிறார். வெட்கத்துக்கு ஒரு மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது அவருக்கு. ஆனால் என் விஷயத்தில் நடந்தது அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆமையின் கண் என்னை வெட்கப்படுத்தவில்லை. தலையைத் தூக்கிக் கண்ணாடியைக் கழற்றியபோது, படகுக்காரர் இருபதடி தூரத்தில் அணியத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கை எரிந்தது.

மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். குரு சிஷ்யனுக்குத் தீட்சை கொடுக்கும் மூன்று வழிகளுக்கு இதை உவமையாக்கினார்கள்: நயனம், பரிசம், மானசம். எங்கோ ஒரு கரையில் யாரோ ஒருவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஆமை ஏறி வருகிறது, நூறு முட்டை போல இடுகிறது, மண்ணை மூடுகிறது, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போகிறது. ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் வருகின்றன. தாய் வரவே இல்லை. அப்படியானால் நினைத்திருக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டினான். மணலின் சூடுதான் பொரிக்கிறது, 29 டிகிரியை ஒட்டி அந்தச் சூடு ஏறினால் பெண், இறங்கினால் ஆண் என்று இன்று தெரியும். தெரிந்த பிறகும் பழைய ஊகத்தின் மரியாதை எனக்குக் குறையவில்லை. இல்லாத தாய்க்கு அது ஒரு மனத்தைக் கொடுத்தது.

இந்த இடத்தில், பார்க்காமல் தொடாமல் தூரத்திலிருந்து நினைப்பதே சிறந்த உறவு என்று சொல்லிக் கட்டுரையை அழகாக முடித்துவிடலாம். முடியவில்லை. தூரத்திலிருந்து நினைத்தே பொரித்துவிடலாம் என்று தமிழ்நாட்டில் நாம் ஈழத்தைப் பற்றி முப்பது வருஷம் நம்பினோம். கவிதை எழுதினோம், சிறப்பிதழ் போட்டோம். நினைத்ததில் பொய் இல்லை. மணலின் சூடு மட்டும் வேறு யாருடையதாகவோ இருந்தது. நிலாவெளிப் படகுக்காரரிடம் போய், நாங்கள் உங்களை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? இஞ்சின் பக்கம் குனிவார்.

திரும்பி வரும்போது நான் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுறா மூன்று, ஆமை ஒன்று, கிளிமீன் கணக்கில்லை. பாதி தூரம் வந்ததும் படகுக்காரர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஐயா, அது அங்கால போய் மூச்செடுத்தது. நான் பாத்தனான்."

இதை ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக்காட்டச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. இரண்டும் இல்லாமல், தினமும் அவர் பார்க்கிற விஷயத்தைச் சொன்னதாகவும் இருக்கலாம். நாங்கள் எட்டுப் பேரும் ஆமையைப் பார்த்தோம். அது மூச்செடுத்ததா என்று அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். கரையில் கூலியைக் கொடுத்தேன். மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார்.

அமீனா போன அன்று சாயங்காலம் பாட்டி என்னைக் கூப்பிட்டு, அந்தப் பீடை இன்னும் கிணற்றில் கிடக்கிறதா பார், இருந்தால் ஆளைக் கூப்பிட்டுத் தூக்கி எறியலாம் என்றாள். போய்க் குனிந்து பார்த்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு நடுத் தண்ணீரில், குழாய் மாதிரி நீண்ட ஒரு மூக்கு நுனி மட்டும் வெளியே வந்தது. சுற்றிலும் ஒரு சின்ன வட்டம் விரிந்தது. உள்ளே போய்விட்டது. திரும்பி வந்து, இல்லை பாட்டி, போய்விட்டது என்று சொன்னேன்.